விசா இல்லாத விசாரணை

ஜெனீவா என்ற ஊர்ப்பெயர் தமிழ்நாட்டு டீக்கடை வரைக்கும் இறங்கி வந்த ஆண்டு 2012. இலங்கை பற்றி அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை மத்திய அரசு ஆதரிக்குமா, நழுவுமா என்று மார்ச் மாதம் முழுக்க இங்கே ஒரே பேச்சு. முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்தியக் கூட்டணியில் இருந்த தி.மு.க. நெருக்கியது. மார்ச் 22 அன்று ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. இந்தியா ஆதரித்தது.

அதே நாளில், அதே கவுன்சிலில் இன்னொரு வாக்கெடுப்பும் நடந்தது. அது இங்கே அநேகமாக யார் கண்ணிலும் படவில்லை. மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் இஸ்ரேல் கட்டிவரும் யூதக் குடியேற்றங்கள் பாலஸ்தீன மக்களின் உரிமைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய ஓர் உண்மை அறியும் குழுவை அனுப்பும் தீர்மானம் அது. ஆதரவு 36, நடுநிலை 10, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்கா.

இரண்டு வாக்குப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உலக அரசியலுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலங்கை பொறுப்புக்கூற வேண்டும் என்று வரிந்துகட்டிய அமெரிக்கா, இஸ்ரேல் என்றதும் தன்னந்தனியாக எதிர்த்தது. இலங்கைக்கு அரணாக நின்ற சீனாவும் ரஷ்யாவும் கியூபாவும் இஸ்ரேலை விசாரிக்கக் கை தூக்கின. இரண்டையும் ஆதரித்த நாடுகளும் இருந்தன. அன்றைய இந்தியா அவற்றில் ஒன்று.

நான்கு நாட்களில் இஸ்ரேலின் பதில் வந்துவிட்டது. அவிக்டோர் லிபர்மேன் அப்போது வெளியுறவு அமைச்சர். கவுன்சிலோடு இனி எந்தத் தொடர்பும் இல்லை. மனித உரிமைகளுக்கான ஐ.நா. ஆணையர் அலுவலகத்தின் தொலைபேசி அழைப்பைக்கூட எடுக்க வேண்டியதில்லை என்கிற அளவுக்குப் போனது அந்த முடிவு. அப்போதைய ஆணையர் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். அடுத்த ஆண்டு அவர் கொழும்பு போனபோது அங்கே அவருக்குக் கிடைத்த பட்டம் 'தமிழ்ப் புலி'. இஸ்ரேல் வைத்த பெயர் வேறு. இரண்டு தலைநகரங்களும் ஒரே பெண்மணியைப் பக்கச்சார்பு என்று வைதன.

2012 ஜூலை 6 அன்று உண்மை அறியும் குழு அறிவிக்கப்பட்டது. மூவரும் பெண்கள், மூவரும் சட்டம் படித்தவர்கள். தலைவர் கிறிஸ்டின் ஷானே, பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. இன்னொருவர் யூனிட்டி டௌ, போட்ஸ்வானாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி. குடியுரிமைச் சட்டத்தில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை எதிர்த்துச் சொந்த அரசின்மீதே வழக்குப் போட்டு ஜெயித்தவர். மூன்றாமவர் அஸ்மா ஜஹாங்கீர், பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர், 2007 நெருக்கடி நிலையின்போது வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர். ஆளுக்கு வளைகிறவர்கள் என்று இவர்களைச் சொல்ல நிறையவே துணிச்சல் வேண்டும். இஸ்ரேல் அவர்களின் தகுதியைப் பற்றி வாதாடவே இல்லை. குழு உள்ளே வர அனுமதி கிடையாது என்று மட்டும் சொன்னது. மேற்குக் கரைக்குப் போகும் எல்லா வழிகளும் இஸ்ரேலின் கையில் இருப்பதால், அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

குழு ஜோர்டான் தலைநகர் அம்மானில் போய் உட்கார்ந்தது. 2012 நவம்பரில், நிலம் பறிபோனவர்கள், ஒலிவ மரங்கள் வெட்டப்பட்டவர்கள், தொண்டு நிறுவனத்தார், அதிகாரிகள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே வந்து சாட்சி சொன்னார்கள். எழுத்துபூர்வமான மனுக்கள் தனியாக வந்தன. 2013 ஜனவரி 31 அன்று அறிக்கை வெளியானது. அதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு காரியம் நடந்திருந்தது. எல்லா நாடுகளின் மனித உரிமை நிலையையும் முறைவைத்து அலசும் கவுன்சிலின் ஆய்வில் இஸ்ரேலின் முறை ஜனவரி 29. இஸ்ரேல் வரவில்லை. வட கொரியா, சிரியா உள்பட எந்த நாடும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. அக்டோபரில்தான் இஸ்ரேல் வந்து அந்த ஆய்வுக்கு உட்பட்டது.

அறிக்கை என்ன சொன்னது? 1967 முதல் சுமார் 250 குடியேற்றங்கள். அங்கே வசிப்பவர்கள் 5.2 லட்சம் பேர். அதில் 2 லட்சம் பேர் கிழக்கு ஜெருசலேமில். கிழக்கு ஜெருசலேமை விட்டுப் பார்த்தால், முந்தைய பத்தாண்டில் குடியேறிகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சராசரியாக 5.3 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இஸ்ரேலின் பொது மக்கள்தொகை வளர்ச்சி 1.8 சதவீதம்தான். இது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் இணைப்பு, பாலஸ்தீனம் என்ற நாடு உருவாகவே வழியில்லாமல் செய்கிறது என்றது குழு. குடியேற்ற வேலைகளை நிபந்தனையின்றி நிறுத்தி, குடியேறிகளைத் திரும்பப் பெறத் தொடங்க வேண்டும் என்றது. ஒருதலைப்பட்சம் என்று அன்றே ஒதுக்கித் தள்ளியது இஸ்ரேல்.

இந்தக் கதவடைப்பு 2012இல் தொடங்கியதல்ல. 1967இல் ஆறு நாள் போர் முடிந்து சுமார் ஒன்றரை ஆண்டில், 1968 டிசம்பரில், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இஸ்ரேலின் நடவடிக்கைகளை விசாரிக்க ஐ.நா. பொதுச்சபை ஒரு சிறப்புக் குழு போட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குழுவுக்கு இஸ்ரேலின் அனுமதி கிடைத்ததில்லை. அண்டை நாட்டுத் தலைநகரங்களில் உட்கார்ந்தே அது அறிக்கை எழுதிவருகிறது. 2002இல் ஜெனின் அகதி முகாமில் நடந்ததை விசாரிக்க ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி தலைமையில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் ஒரு குழு அமைத்தார். முதலில் சரி என்ற இஸ்ரேல், பிறகு நிபந்தனைமேல் நிபந்தனை போட்டது. கடைசியில் குழு கலைக்கப்பட்டது. காஸாவின் பேட் ஹனூனில் இஸ்ரேல் நடத்திய ஷெல் வீச்சை விசாரிக்கப் புறப்பட்ட ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு விசா மறுக்கப்பட்டு, 2008இல் எகிப்து வழியாகத்தான் அவரால் காஸாவுக்குள் நுழைய முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரிச்சர்ட் ஃபாக் விமான நிலையத்திலேயே தடுத்துவைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்குப் பின் வந்த இந்தோனேசியாவின் மகாரிம் விபிசோனோ, ஒருமுறைகூட உள்ளே விடவில்லையே என்று 2016இல் பதவியையே ராஜினாமா செய்தார்.

இவ்வளவு பிடிவாதமாக மூடிவைக்க அங்கே அப்படி என்ன ரகசியம்? அதுதான் விசித்திரம். குடியேற்றங்கள் ஒளித்துவைக்கக்கூடிய பொருளே அல்ல. குன்றின் உச்சிகளில், சிவப்பு ஓட்டுக் கூரைகளோடு, பல மைல் தூரத்திலிருந்தே தெரிகிற ஊர்கள் அவை. எத்தனை வீடு, எத்தனை தலை என்ற கணக்கை இஸ்ரேலின் புள்ளியியல் துறையே வெளியிடுகிறது. இன்னும் சொன்னால், குடியேற்றங்களுக்கு எதிரான மிக வலுவான சாட்சியங்கள் ஜெனீவாவில் எழுதப்படவே இல்லை. அவை ஜெருசலேமில், இஸ்ரேல் அரசின் கோப்புகளிலேயே எழுதப்பட்டவை.

தியோடர் மெரோனை எடுத்துக்கொள்ளலாம். போலந்தில் பிறந்து, நாஜிகளின் உழைப்பு முகாமில் சிறுவயதைத் தொலைத்துத் தப்பி வந்தவர். 1967இல் இஸ்ரேல் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர். போர் முடிந்த மூன்றே மாதத்தில், கைப்பற்றிய பகுதிகளில் மக்களைக் குடியமர்த்தலாமா என்று பிரதமர் லெவி எஷ்கோல் அலுவலகம் கருத்துக் கேட்டது. செப்டம்பர் 18 தேதியிட்ட ரகசியக் குறிப்பில் மெரோன் சுற்றிவளைக்காமல் பதில் எழுதினார்: சிவிலியன்களைக் குடியமர்த்துவது நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் வெளிப்படையான விதிகளுக்கு விரோதம். ராணுவ முகாம் என்றால், அதுவும் தற்காலிகம் என்றால், வாதாட இடமுண்டு. அதே மாதம் முடிவதற்குள் மேற்குக் கரையின் முதல் குடியேற்றமான கஃபார் எட்சியோன் தோன்றியது, ராணுவப் புறக்காவல் நிலையம் என்ற பெயரில். சட்ட ஆலோசகரின் எச்சரிக்கையைப் படித்து, அதிலிருந்த ஓட்டையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு வெளியுலகுக்குத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. மெரோன் பின்னாளில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்ற நீதிமன்றத்தின் தலைவரானார்.

ராணுவப் பாதுகாப்புக்கு என்று சொல்லித் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் வழி 1979 வரை ஓடியது. நாப்லுஸ் பக்கத்தில் எலோன் மோரே என்ற குடியேற்றத்துக்காக நிலம் பறிகொடுத்த கிராமத்தார் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது பாதுகாப்புத் தேவை இல்லை என்று நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெற்றிதான், ஆனால் விளைவு வேறு. அரசு 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. துருக்கி சுல்தான் காலத்துச் சட்டம் அது. தொடர்ந்து பயிரிடப்படாத, முறையாகப் பதிவாகாத நிலம் சர்க்காருடையது. நம்மூரில் பரம்பரையாக உழுதுவந்த துண்டு நிலத்தை ஒருநாள் தாசில்தார் வந்து புறம்போக்கு என்றால் எப்படியோ, அப்படி. வித்தியாசம், இங்கே வந்த சர்க்கார் உழவனின் சர்க்கார் அல்ல. போரில் ஜெயித்து வந்த சர்க்கார். அந்தப் புறம்போக்கில் எழும் ஊரும் உழவனுக்கானதல்ல. இந்த ஏற்பாடு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. 2024இல் ஜோர்டான் பள்ளத்தாக்கில் சுமார் 3,100 ஏக்கர் ஒரே அறிவிப்பில் அரசு நிலமானது. ஆஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த மிகப் பெரிய அறிவிப்பு அதுதான்.

மூன்றாவது சாட்சி தாலியா சாசோன். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்தவர். அரசு அனுமதியே இல்லாமல் குன்றுகளில் முளைத்த புறக்குடியேற்றங்களைப் பற்றி அறிக்கை தரச் சொல்லி அவரைக் கேட்டவர் பிரதமர் ஏரியல் ஷரோன், குடியேற்றங்களின் தந்தை என்று பெயர் வாங்கிய அதே ஷரோன். 2005 மார்ச்சில் வந்த அறிக்கை குறைந்தது 105 புறக்குடியேற்றங்களைக் கணக்கெடுத்தது. சில பாலஸ்தீனர்களின் தனிப்பட்ட நிலத்திலேயே நின்றன. சாலை போட்டது, மின்சாரம் கொடுத்தது, பணம் கொடுத்தது எல்லாம் அரசுத் துறைகளே. சட்டத்தை மீறியது யாரோ சில வெறியர்கள் என்ற கதை அதோடு முடிந்தது. ஷானே குழுவுக்கு விசா கொடுத்திருந்தாலும் இதைவிடக் கடுமையாக அவர்களால் எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஆக, உண்மை தெரிந்துவிடும் என்ற பயத்தில் அடைத்த கதவு இல்லை இது. விசாரணைக்கு ஒத்துழைத்தால், கேட்கும் இடம் சரியான இடம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு பதில் சொல்ல வேண்டும், பதில் பொருந்தாவிட்டால் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒத்துழைக்காவிட்டால் அறிக்கை எப்படியும் வரும், வந்ததும் 'எங்கள் தரப்பைக் கேட்கவில்லை' என்று சொல்லித் தள்ளிவிடலாம். கேட்க வந்தவர்களை வாசலோடு அனுப்பியது யார் என்று அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. கிடைப்பது காலம். குடியேற்றத்துக்குக் காலத்தைப் போல உரம் வேறில்லை. 1993இல் ஆஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, மேற்குக் கரைக் குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஷானே குழு எழுதும்போது 3.2 லட்சம். இன்று 5 லட்சத்தைத் தொட்டுவிட்டது. கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்தால் 7 லட்சத்துக்கு மேல்.

இஸ்ரேலின் வாதத்தில் சாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கவுன்சிலின் நிரந்தர நிகழ்ச்சி நிரலில் ஏழாவது அம்சம் முழுக்க இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளைப் பற்றியது. சூடான், மியான்மர், வட கொரியா எதற்கும் அப்படித் தனி இடம் கிடையாது. 2007இல் இதை ஏற்படுத்தியபோது ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூனே அதிருப்தி தெரிவித்தார். உறுப்பு நாடுகளில் சிலவற்றின் சொந்த யோக்கியதையோ ஊரறிந்தது. சட்டத்திலும் இஸ்ரேல் ஒரு வாதம் வைக்கிறது. மேற்குக் கரையை 1950இல் ஜோர்டான் இணைத்துக்கொண்டதைப் பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்கவில்லை. இறையாண்மை உள்ள இன்னொரு நாட்டின் மண் இல்லாதபோது ஆக்கிரமிப்பு எப்படி? மக்களை வலுக்கட்டாயமாக இடம்பெயர்ப்பதைத்தானே ஜெனீவா ஒப்பந்தம் தடுக்கிறது, விரும்பிப் போகிறவர்களை அல்லவே?

இந்த வாதத்தை முழுமூச்சாக எழுதியது முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி எட்மண்ட் லெவி தலைமையில் பிரதமர் நெதன்யாகு அமைத்த குழு. அதன் அறிக்கை வெளிவந்தது 2012 ஜூலை 9, ஷானே குழு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள். வெளியிலிருந்து வரும் விசாரணைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மறுப்பு தயாராக இருந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நெதன்யாகு அரசே அந்த அறிக்கையை முறைப்படி ஏற்கவில்லை. ஏற்றால் உலகம் என்ன சொல்லும் என்ற கூச்சம் அன்றைக்கு மிச்சமிருந்தது. சர்வதேச நீதிமன்றம் 2004இல், மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிவினைச் சுவர் பற்றிய கருத்துரையிலேயே அந்த வாதத்தை நிராகரித்திருந்தது. 2024 ஜூலை 19 அன்று இன்னும் ஒரு படி மேலே போய், ஆக்கிரமிப்பே சட்டவிரோதம், குடியேறிகளை வெளியேற்ற வேண்டும் என்றது. இரண்டு முறையும் இஸ்ரேல் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பியதோடு சரி. நேரில் போய் வாதாடவில்லை.

நேரில் வாதாடாமல் இருப்பதில் இழப்பும் இருக்கிறது. 2009இல் காஸா போரை விசாரித்த ஐ.நா. குழுவின் தலைவர் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் தென்னாப்பிரிக்க யூதர். இஸ்ரேல் ஒத்துழைக்க மறுத்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர், இப்போது தெரிந்தது அன்றைக்கே தெரிந்திருந்தால் அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எழுதினார். குழுவின் மற்ற மூவரும் தங்கள் முடிவிலிருந்து இறங்கவில்லை. கோல்ட்ஸ்டோனின் பின்வாங்கலை இஸ்ரேல் வெற்றியாகக் கொண்டாடியது. ஆனால் அந்தச் செய்தியின் உள்ளர்த்தம் வேறு. தன் தரப்பு ஆவணங்களை மேசையில் வைத்திருந்தால் சில பக்கங்களாவது மாறியிருக்கும். குடியேற்றங்களில் தாக்குதலுக்கு ஆளாகி உயிரிழந்த இஸ்ரேலியக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் தரப்பை எடுத்துச் சொல்ல ஷானே குழுவின் முன்னால் அவர்களது அரசு வரவில்லை.

இனி இலங்கை. 2014 மார்ச்சில் இலங்கை மீது சர்வதேச விசாரணைக்கே கவுன்சில் உத்தரவிட்டது. இம்முறை இந்தியா நடுநிலை வகித்தது. விசாரணைக்கு வழிகாட்ட நியமிக்கப்பட்ட மூன்று நிபுணர்களில் இருவர் யார் தெரியுமா? ஜெனினுக்குப் போக முடியாமல் கலைக்கப்பட்ட குழுவின் தலைவர் மார்ட்டி அஹ்திசாரி. மேற்குக் கரைக்குப் போக முடியாமல் அம்மானில் உட்கார்ந்த அஸ்மா ஜஹாங்கீர். அந்த ஆகஸ்டில் இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச அறிவித்தார், விசாரணைக் குழுவுக்கு விசா கிடையாது என்று. அறிக்கை வெளியிலிருந்தே எழுதப்பட்டு 2015 செப்டம்பரில் வந்தது. ஒருதலைப்பட்சம், இறையாண்மையில் தலையீடு, எங்களை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று கொழும்பு சொன்னதை எழுத்துக்கூட்டிப் படித்தால் ஜெருசலேமின் குரல் கேட்கும்.

உச்சக்கட்டக் கூத்து இனிமேல்தான். 1968இல் ஐ.நா. போட்ட அந்தச் சிறப்புக் குழு, இஸ்ரேல் இன்றுவரை உள்ளே விடாத குழு, அதன் தலைமை அன்றைய சிலோனிடம் கொடுக்கப்பட்டது. முதல் தலைவர் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. தலைமை வழிவழியாக இலங்கையிடமே இருந்துவந்தது. இஸ்ரேல் உண்மை அறியும் குழுக்களை அனுமதிப்பதில்லை என்று நியூயார்க்கில் குறைப்பட்டுக்கொண்டிருந்த தலைவர்களில் ஒருவர் பாலித கோஹன. ஈழப்போரின் இறுதிக்கட்டத்தில் இலங்கையின் வெளியுறவுச் செயலாளராக இருந்தவர் அவர். தன் நாட்டுக்குள் வேண்டாத விசாரணையை அடுத்த நாட்டில் ஆண்டுதோறும் கோருவது ராஜதந்திரத்தில் முரண்பாடாகக் கருதப்படுவதில்லை போலிருக்கிறது.

நாமும் இதில் கை கழுவிக்கொள்ள முடியாது. 2018 ஜூனில் காஷ்மீர் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட முதல் அறிக்கையும் தூரத்திலிருந்தே எழுதப்பட்டதுதான். உள்ளே போக அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. உள்நோக்கம் கொண்டது, இறையாண்மையை மீறுவது என்று டெல்லி அதை அன்றே நிராகரித்தது. விசாரிக்கப்படுகிறவர் யார் என்பதைப் பொறுத்து நம் நியாயம் இடம் மாறுகிறது. 2012 மார்ச்சில் இரண்டு தீர்மானங்களுக்கும் வாக்களித்த அதே இந்தியா, 2021இல் இஸ்ரேல் மீது நிரந்தர விசாரணை ஆணையம் அமைக்கும் தீர்மானத்திலும், 2024 செப்டம்பரில் ஆக்கிரமிப்பைப் பன்னிரண்டு மாதத்தில் முடிக்கச் சொன்ன பொதுச்சபைத் தீர்மானத்திலும் நடுநிலை வகித்தது.

ஷானே குழுவின் அறிக்கை குப்பைக்கூடைக்குப் போகவில்லை. குடியேற்றங்களில் லாபம் பார்க்கும் நிறுவனங்களைக் கவனிக்க வேண்டும் என்று அதில் இருந்த பகுதிக்குக் கை கால் முளைத்தது. நிறுவனங்களின் பட்டியல் தயாரிக்க 2016இல் கவுன்சில் முடிவெடுத்தது. நெருக்கடிகளால் இழுத்தடிக்கப்பட்டு 2020 பிப்ரவரியில்தான் பட்டியல் வந்தது. 112 பெயர்கள், ஏர்பிஎன்பி, புக்கிங், எக்ஸ்பீடியா, டிரிப்அட்வைசர், மோட்டரோலா சொல்யூஷன்ஸ் அதில் அடக்கம். ஏர்பிஎன்பி அதற்கு முன்பே, 2018இல், மேற்குக் கரைக் குடியேற்றங்களில் உள்ள வீடுகளைத் தன் தளத்திலிருந்து நீக்குவதாக அறிவித்து, வழக்குகள் பாய்ந்ததும் அடுத்த ஏப்ரலில் பின்வாங்கியிருந்தது. தீர்மானங்களைவிட இந்தப் பட்டியலுக்குத்தான் இஸ்ரேல் அதிகம் கோபப்பட்டது. தீர்மானத்தால் பங்குச்சந்தை அசையாது, பட்டியலால் அசையலாம். 2025 செப்டம்பரில் பட்டியலில் இருந்த பெயர்கள் 158.

மறுபக்கம் கட்டுமானமும் நிற்கவில்லை. 2025 மே மாதம் 22 புதிய குடியேற்றங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்டில் ஈ-1 திட்டத்துக்கு அனுமதி. கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவிலுள்ள அந்த நிலப்பரப்பில் வீடுகள் எழுந்தால், மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் துண்டாகிவிடும் என்று அமெரிக்க அரசுகளே முன்பு தடுத்துவந்த திட்டம் அது. லிபர்மேன் காலத்தில் வெட்கப்பட்டு ஒதுக்கிய லெவி அறிக்கையின் வாதங்கள் இப்போது அமைச்சர்களின் வாயிலிருந்து சாதாரணமாக வருகின்றன.

2021இல் அமைந்த ஆணையத்துக்கு அதே நவநீதம் பிள்ளைதான் தலைவர். ஒத்துழைக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் இஸ்ரேல் அவருக்குக் கடிதம் எழுதியது. 2025 செப்டம்பரில், காஸாவில் நடப்பது இனப்படுகொலை என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது. இஸ்ரேல் அதையும் மறுத்தது. எண்பதைக் கடந்த பிள்ளை அந்த நவம்பரில் விலக, அவர் இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் எஸ். முரளிதர், 1984இல் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர், ஒடிசா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. 2020 பிப்ரவரியில் டெல்லி கலவரத்தின்போது, காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பாதுகாப்புக் கேட்ட மனுவை நள்ளிரவு தாண்டித் தன் வீட்டிலேயே விசாரித்தவர். மனுதாரர்கள் அன்று அவர் வீட்டு வாசலுக்கு வர முடிந்தது. ரமல்லாவிலிருந்தும் ஹெப்ரானிலிருந்தும் சாட்சிகள் அவரைத் தேடி அம்மானுக்கோ கெய்ரோவுக்கோதான் வர வேண்டியிருக்கும், அதற்கும் இஸ்ரேலின் சோதனைச்சாவடி வழிவிட்டால்.